சண்டர்லாந்து: 30,000 பேர் வந்த கிளப் ஏன் மூன்றாம் அடுக்கு வரை விழுந்தது?

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்பான சண்டர்லாந்து மூன்றாம் அடுக்கில் ஆடியபோதும் மைதானத்துக்கு 30,000 பேர் வந்தார்களாமே, அவ்வளவு விசுவாசமான ரசிகர்கள் இருக்கிற கிளப் எப்படி அவ்வளவு கீழே போனது, ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டத்தால் ஒரு கிளப்பின் தலையெழுத்தை மாற்ற முடியுமா என்பது ஒன்று. கோல் அடிப்பவர் ஒருவரே கிளப்பைத் தாங்கிவிடுவாரா என்பது இன்னொன்று. இங்கிலாந்துக் கிளப்புகளின் ஆட்டங்களையும் வருடாந்தரக் கணக்கு அறிக்கைகளையும் நெடுநாளாகப் பின்தொடர்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டம் கிளப்பை அழியவிடாமல் காக்கும், ஆனால் விழாமல் காக்காது. ஸ்ட்ரைக்கர் ஒரு சீசனைக் காப்பாற்றுவார். அந்த ஒரு சீசன் அவகாசத்தில் நிர்வாகம் என்ன செய்கிறது என்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் சண்டர்லாந்தைப் போலத் திரும்பத் திரும்பக் காட்டிய கிளப் வேறில்லை.

முதலில் சந்தேகமில்லாத எண்கள். பத்து சீசன் தொடர்ந்து முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் இருந்த சண்டர்லாந்து 2017 மே மாதம் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. அந்தச் சீசனில் எடுத்தது 24 புள்ளிகள். அடுத்த ஆண்டே இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலும் கடைசி இடம், 37 புள்ளிகள். அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்து, 2018 ஆகஸ்டில் லீக் ஒன் என்கிற மூன்றாம் அடுக்கில் ஆடத் தொடங்கியது. பிரீமியர் லீக்கின் கடைசி ஆண்டில் சராசரிக் கூட்டம் 41,000க்கு மேல். சாம்பியன்ஷிப் ஆண்டில் அது 27,000 பக்கம் வந்துவிட்டது. ஆகவே கூட்டம் குறையவே இல்லை என்று சொல்வது சரியல்ல. மூன்றில் ஒரு பங்கு பேர் நின்றுபோனார்கள். வியப்பு அதற்கடுத்த ஆண்டில்தான் இருக்கிறது. இன்னும் ஓர் அடுக்கு கீழே போன பிறகு சராசரி 32,000 ஆக ஏறியது. 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டு சிட்டியுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 46,039 பேர். லீக் ஒன்னில் அதுவரை அப்படியொரு கூட்டம் கூடியதில்லை.

ஏன் ஏறியது? மூன்று காரணங்களை உறுதியாகச் சொல்லலாம். அணி மீண்டும் ஜெயிக்கத் தொடங்கியது. உரிமையாளர் மாறினார்: எல்லிஸ் ஷார்ட் 2018இல் விற்றுவிட்டுப் போக, ஸ்டூவர்ட் டொனால்ட் வாங்கினார். புதிய நிர்வாகம் ரசிகர்களை உள்ளே அழைத்தது. ஸ்டேடியம் ஆஃப் லைட்டின் சிவப்பு இருக்கைகள் வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளிறி இளஞ்சிவப்பாகிக் கிடந்தன; தொலைக்காட்சியில் பார்த்தாலே கண்ணை உறுத்தும். அந்தக் கோடையில் ரசிகர்களே வந்து பழைய இருக்கைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். மூன்றாம் அடுக்கில் ஆடப்போகும் ஒரு கிளப்புக்காக விடுமுறை நாளில் ஸ்பேனரோடு வந்து நின்ற மனிதர்கள் அவர்கள். அந்த மைதானமே மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. சுரங்கம் 1993இல் மூடப்பட்டது, மைதானம் 1997இல் திறந்தது. அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், நகரத்தின் கப்பல் கட்டும் தொழிலும் முடிந்திருந்தது. வேலையின் பெயரால் ஊர் ஒன்றுகூடிய இடங்கள் போன பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊரே கூடும் இடமாக மிஞ்சியது இந்த மைதானம். கூட்டத்தின் விசுவாசத்துக்கு அதுவும் காரணம் என்பது என் கணிப்பு. எண்ணால் நிரூபிக்கக்கூடிய விஷயமில்லை அது.

இனி ஸ்ட்ரைக்கர் பக்கம். 2016-17 சீசனில் சண்டர்லாந்து அடித்த மொத்த லீக் கோல் 29. அதில் 15 ஜெர்மெய்ன் டெஃபோ அடித்தவை. பாதிக்கும் மேல் ஒரே காலிலிருந்து வந்தும் அணி கடைசி இடம்தான். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இதுவே நேரான பதில்: நல்ல ஸ்ட்ரைக்கர் இருந்தார், தப்பிக்கவில்லை. அணி 69 கோல் வாங்கியது. கோல் வாங்குவதை ஸ்ட்ரைக்கரால் தடுக்க முடியாது. இதைவிட முக்கியமான விஷயம் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. கிளப் இறங்கினால் டெஃபோ விலையில்லாமல் வெளியேறலாம் என்று ஒரு ஷரத்து. இறங்கியதும் போர்ன்மவுத்துக்குப் போய்விட்டார். கிளப்புக்கு ஒரு பவுண்டுகூட வரவில்லை. சொந்த அகாடமியில் (கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்த கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்ட்டனுக்கு விற்றதில்தான் பெரும் பணம் வந்தது. அந்தப் பணம் கடன் சுமையில் கரைந்தது, அணியைக் கட்ட வரவில்லை.

அடுத்த ஆண்டு சாம்பியன்ஷிப்பில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். போர்ன்மவுத்திடமிருந்து லோனில், அதாவது இரவலாக, வந்த லூயிஸ் கிராபன் ஜனவரிக்குள் 12 லீக் கோல் அடித்துவிட்டார். லோனைப் பாதியில் முறித்துக்கொள்ள வழி இருந்தது. ஜனவரியில் அவர் திரும்பிப் போனார், பிறகு ஆஸ்டன் வில்லாவில் ஆடினார். கடைசி இடத்தை ஒட்டிக் கிடந்த அணியின் ஒரே கோல் வழி சீசனின் நடுவில் அடைபட்டது. லோன் வீரரை நம்பி அணியைக் கட்டும் கிளப்பின் ரசிகராக நீங்கள் இருந்தால், அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஜனவரியில் திருப்பி அழைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

மூன்றாவது உதாரணம் ஜோஷ் மாஜா. லீக் ஒன்னில் 2018-19 சீசனின் முதல் பாதியில் 15 லீக் கோல். இருபது வயதுப் பையன், ஒப்பந்தம் அடுத்த கோடையோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. ஆறு மாதத்தில் சும்மா போய்விடக்கூடிய வீரருக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள். ஜனவரியில் பிரான்ஸின் போர்தோ (Bordeaux) அணிக்குக் குறைந்த விலையில் விற்க வேண்டியதாயிற்று. வந்த பணத்தைவிட அதிகம் கொடுத்து, ஜனவரிச் சந்தையின் கடைசி நாளில் விகன் அணியிலிருந்து வில் கிரிக்கை வாங்கினார்கள். கடைசி நாளில் வாங்குபவருக்குப் பேரம் பேசும் பலமே கிடையாது, விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். கிரிக் அந்தச் சீசனின் மீதியில் லீக்கில் அடித்தது 4 கோல்.

கிரிக்கைத் திட்டிய ரசிகர்கள் ஏராளம். அது நியாயமில்லை என்பது என் திடமான கருத்து. இதே கிரிக் 2021இல் லோனில் மில்டன் கீன்ஸ் டான்ஸ் அணிக்குப் போனார், ஏப்ரலில் ஸ்விண்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல் அடித்தார். அந்த அணி பந்தைத் தரையில் வைத்து, பொறுமையாகப் பாஸ் செய்து, பெனால்டி பாக்ஸுக்குள் கொண்டுவந்து கொடுக்கும். கிரிக் ஆறு கெஜத் தூரத்தில் நின்று தொட்டு முடிக்கிறவர். முதுகைத் தடுப்பாட்டக்காரருக்குக் காட்டி, உயரப் பந்தைக் கட்டுப்படுத்தி, தானே வாய்ப்பை உருவாக்கச் சொன்னால் அவரால் முடியாது. ஸ்ட்ரைக்கரை வாங்குகிறவர்கள் கோல் எண்ணிக்கையை வாங்குகிறார்கள். அந்தக் கோல்கள் எந்த இடத்திலிருந்து, யார் கொடுத்த பந்தில், எத்தனை பெனால்டி உட்பட வந்தன என்பதைப் பார்ப்பதில்லை.

இதற்கு மறுபக்கத்தையும் சண்டர்லாந்தே காட்டியிருக்கிறது. கெவின் ஃபிலிப்ஸ் 1997இல் வாட்ஃபோர்டிலிருந்து வந்தபோது முதல் தவணையாகக் கொடுத்தது மூன்றேகால் லட்சம் பவுண்டு. 1999-2000 பிரீமியர் லீக் சீசனில் 36 ஆட்டத்தில் 30 கோல் அடித்து, ஐரோப்பிய லீக்குகளில் கோல் அடிப்பதில் முதலிடம் பெறுபவருக்கான ஐரோப்பிய தங்கக் காலணியை வாங்கினார். அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆங்கிலேயர் அவர். அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அணி ஏழாம் இடம். அவர் எப்படி அடித்தார் என்று கவனியுங்கள். பக்கத்தில் ஆறடி நான்கங்குல உயர நைல் க்வின். இடது பக்கத்திலிருந்தோ கோல்கீப்பரிடமிருந்தோ நீளப் பந்து கிளம்பும். அது க்வினின் தலைக்கு வந்து சேரும் முன்பே ஃபிலிப்ஸ் ஓடத் தொடங்கியிருப்பார். க்வின் தலையால் தட்டிவிடும் பந்து எங்கே விழும் என்பதைத் தடுப்பாட்டக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஃபிலிப்ஸுக்கு முன்பே தெரியும். அந்த அரை நொடிதான் கோல். 1999 டிசம்பரில் செல்சியை 4-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இருவரும் தலா இரண்டு அடித்தார்கள், நான்கும் இடைவேளைக்கு முன்னால்.

பிறகு அந்த ஏற்பாடு துண்டு துண்டாகக் கழன்றது.  வலது ஓரத்தில் ஆடும் விங்கர் நிக்கி சம்மர்பீ போனார். க்வினுக்கு வயதாகி முதுகு வலி. ஃபிலிப்ஸின் பிரீமியர் லீக் கோல்கள் 30இலிருந்து 14, 11, 6 என்று இறங்கின. ஆள் அதே ஆள்தான். 2002-03இல் மூன்று மேனேஜர்கள் மாறி, 19 புள்ளிகளோடு அணி இறங்கியது. அந்தச் சீசன் முழுக்க அணி அடித்த கோல் 21. அப்போதும் சராசரிக் கூட்டம் 39,000க்கு மேல். கூட்டமும் இருந்தது, தங்கக் காலணிக்காரரும் இருந்தார். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

மாஜா போகாமல் இருந்திருந்தால் 2019இலேயே மேலேறியிருப்பார்களா என்று சண்டர்லாந்து ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தெரிந்ததையும் யூகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். அந்தச் சீசனில் அணி 46 ஆட்டத்தில் 22 வெற்றி, 19 டிரா, 5 தோல்வி என்று 85 புள்ளி எடுத்து ஐந்தாம் இடம் வந்தது. நேரடியாக மேலேறும் இரண்டாம் இடத்தில் இருந்த பார்ன்ஸ்லிக்கு 91. ஒரு டிராவை வெற்றியாக்கினால் கூடுவது இரண்டு புள்ளி. மூன்று டிராவை மாற்றினால் புள்ளி சமமாகும், ஆனால் கோல் வித்தியாசத்தில் பார்ன்ஸ்லி முன்னே நிற்கும். எனவே நான்கு டிராவை வெற்றியாக்க வேண்டியிருந்தது. மீதி ஆட்டங்களில் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் நான்கு ஆட்டத்தைத் திருப்புவது நடக்கக்கூடியது. நடந்தே இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. மேலேறும் மூன்றாவது இடத்துக்காக அடுத்த நான்கு அணிகள் மோதும் பிளே-ஆஃபின் இறுதிக்குப் போய், சார்ல்டனிடம் கடைசி நிமிடக் கோலில் 2-1 என்று தோற்றார்கள் என்பது மட்டும் உறுதி. அதற்குப் பிறகு மேலும் மூன்று சீசன் அதே அடுக்கில் கிடந்தார்கள்.

கூட்டம் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்குமா என்பதற்கு வருகிறேன். இதற்குக் கிடைத்த ஒரே பெரிய பரிசோதனை கோவிட் காலம். கிட்டத்தட்ட முழுக்கக் காலி மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளி அணிகளின் வெற்றிகள் 153. வெளி அணிகள் அதிகம் ஜெயித்த சீசன் இங்கிலாந்தின் முதல் அடுக்கில் அதற்கு முன் இருந்ததில்லை. கூட்டத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அந்த ஆண்டு ஆட்டங்கள் நெருக்கி நெருக்கி நடந்தன, முன்தயாரிப்புக் காலமும் சுருங்கியது. அதனால் வித்தியாசம் முழுவதையும் கூட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தவிர, அது 20 அணிகளின் கூட்டுக் கணக்கு. பெரிய கூட்டம் வந்தால் அதே அளவுக்குப் பலன் பெருகும் என்று அதிலிருந்து வராது. கோப்பை இறுதிகள் நடக்கும் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் சண்டர்லாந்தின் வரலாறு இதற்கு எதிராகவே நிற்கிறது. 1973இல் இரண்டாம் டிவிஷன் அணியாக லீட்ஸை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிறகு, 1985, 1990, 1992, 1998, 2014, 2019இல் இரண்டு என்று வெம்ப்ளியில் ஆடிய ஏழு இறுதி ஆட்டங்களிலும் தோல்வி. 2019 மார்ச்சில் போர்ட்ஸ்மவுத்துடன் நடந்த, கீழ் அடுக்கு அணிகளுக்கான இ.எஃப்.எல். டிராஃபி இறுதிக்கு 85,021 பேர் வந்தார்கள், பெனால்டியில் தோற்றது. கடைசியில் 2021 மார்ச்சில் ட்ரான்மியரை 1-0 என்று ஜெயித்தபோது மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. 48 வருடம் காத்திருந்தவர்கள் அந்த வெற்றியை வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

அப்படியானால் கூட்டத்தின் உண்மையான மதிப்பு எங்கே? பணப் புழக்கத்தில். பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புக்குப் பாராசூட் பணம் என்று ஒன்று தருகிறார்கள். பிரீமியர் லீக் கிளப்புகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பணத்தில் முதலாண்டு 55 சதவீதம், இரண்டாமாண்டு 45, மூன்றாமாண்டு 20. ஒரே சீசன் மட்டும் இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாம் ஆண்டுப் பணம் கிடையாது. அது தீர்ந்த பிறகு லீக் ஒன்னில் தொலைக்காட்சி வருமானம் மிகச் சொற்பம். டிக்கெட், கடை, உணவு விற்பனைதான் ஜீவாதாரம். சராசரி 32,000 பேர் வரும் கிளப், 6,000 பேர் வரும் எதிரணிகளோடு ஒரே அடுக்கில் ஆடுகிறது. அங்கே வீரர் சம்பளத்தை வருவாயோடு கட்டிப்போடும் விதி இருப்பதால், வருவாய் கூடினால் சம்பள வரம்பும் கூடும். இது நிஜமான அனுகூலம். வாங்க வருபவருக்கும் அந்தக் கூட்டமே ஈர்ப்பு. 2021 பிப்ரவரியில் 23 வயது கிரில் லூயி-டிரேஃபஸ் கட்டுப்பாட்டை எடுத்தார் என்றால், மூன்றாம் அடுக்கிலும் நிரம்பக்கூடிய 49,000 இருக்கைகள் அங்கே இருந்தன என்பதால்தான்.

அந்த வருவாய் அடித்தளம் இல்லாத கிளப் எப்படிப் போகும் என்பதற்கு பரி (Bury) என்ற சிறிய கிளப் சாட்சி. 2018-19இல் நான்காம் அடுக்கான லீக் டூவில் இரண்டாம் இடம் வந்து லீக் ஒன்னுக்கு உயர்ந்த அணி அது. கோல் அடித்தார்கள், ஜெயித்தார்கள். வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அங்கும் ரசிகர்கள் விசுவாசமானவர்கள்தான், எண்ணிக்கையில் சில ஆயிரம் பேர். உரிமையாளர் விட்டுப்போன ஓட்டையை அடைக்க அது போதவில்லை.

சண்டர்லாந்து மீண்ட விதம் உங்கள் கேள்விக்கு இன்னொரு வெளிச்சம் தரும். 2022இல் ராஸ் ஸ்டூவர்ட் 24 லீக் கோல் அடிக்க, பிளே-ஆஃப் இறுதியில் விக்கம்பை 2-0 என்று வென்று சாம்பியன்ஷிப்புக்கு ஏறினார்கள். இது ஸ்ட்ரைக்கர் தூக்கிய சீசன்தான், மறுப்பதற்கில்லை. ஸ்காட்லாந்தின் ராஸ் கவுண்டியிலிருந்து மலிவாக வாங்கியவர் அவர். 2023 ஜனவரியில் குதிகால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தும், அந்தக் கோடை முடிவில் சவுத்தாம்ப்டனுக்கு வாங்கியதைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அடுத்த சீசனில் அவர் இடத்துக்கு நான்கு இளம் ஸ்ட்ரைக்கர்களை இறக்கினார்கள். நால்வரும் சேர்ந்து அடித்த லீக் கோல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். விங்கர் ஜாக் கிளார்க் 15 அடித்தும் அணி 16ஆம் இடம்.  அந்த நால்வரில் ஒருவர் எலியேசர் மயெண்டா. 2025 மே 24 அன்று வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைட்டெட் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்த நிமிடங்களில் வெற்றிக் கோல் அடித்தவர் டாம் வாட்சன், சொந்த அகாடமிப் பையன். 2-1 வெற்றியோடு எட்டு வருடம் கழித்து பிரீமியர் லீக். அந்த அணியில் அதிக லீக் கோல் அடித்த வில்சன் இசிடோரின் எண்ணிக்கை 12தான். 20 கோல் ஸ்ட்ரைக்கர் இல்லாமலே மேலேறினார்கள்.

வாட்சன் அந்தக் கோலுக்கு முன்பே பிரைட்டனுக்குப் போவது முடிவாகியிருந்தது. பலருக்கு இது புரியாத வியாபாரமாகத் தெரிந்தது. கணக்கு முறையைத் தெரிந்துகொண்டால் விளங்கும். 5 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலையைக் கிளப் வருடத்துக்கு 1 கோடியாகக் கழிக்கும். இரண்டு வருடம் கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 3 கோடி. அப்போது 4.5 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிடக் குறைவாக இருந்தும், கணக்கில் 1.5 கோடி லாபம். அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டு மதிப்பு பூஜ்யம், விற்ற தொகை முழுவதும் லாபம். நஷ்ட வரம்பு விதிகள் உள்ள லீக்கில் உள்ளூர்ப் பையன்களை முதலில் விற்கச் சொல்லித் தூண்டுவது இந்தக் கணக்குத்தான். ரசிகர்களுக்கு அதிகம் வலிப்பதும் அதே விற்பனைதான்.

நீங்கள் பின்தொடரும் கிளப்புக்கு இதைப் பொருத்திப் பார்க்க விரும்பினால், சீசன் நடுவில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். அணியின் கோல்களில் ஒருவரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறதா, அதில் பெனால்டி எத்தனை. அவர் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது. 18 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கோடையில் புதுப்பிக்க வேண்டும் அல்லது விற்க வேண்டும், மூன்றாவது வழி மாஜா கதைதான். அவருக்குப் பந்து கொடுக்கிற இரண்டு மூன்று பேர் அடுத்த ஆண்டும் இருப்பார்களா. கணக்கு அறிக்கையில் சம்பளச் செலவு வருவாயில் எத்தனை சதவீதம், இறங்கினால் சம்பளம் தானாகக் குறையும் ஷரத்து வீரர்களின் ஒப்பந்தத்தில் உண்டா. சம்பள விகிதத்தை அறிக்கையிலேயே கணக்கிட்டுவிடலாம், நிதியாண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் வெளியாகும் என்பதால் பழைய படத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். ஷரத்துகள் வெளியே வருவது அரிது. டெஃபோ விஷயத்தில் நடந்ததுபோல, இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் ஊருக்குத் தெரியவரும்.